கட்டி விற்ற புத்தகம்

தம்பி,

நீ உங்கப்பாவிடம் சொன்னதை அவர் என்னிடம் சொல்லிவிட்டார். வருகிற மாதம் சென்னைக்குப் போகிறாய், ஏதோ ஒரு கோச்சிங் சென்டரில் பாடம் எடுக்கும் வேலை, இனிமேல் எழுதப்போவதில்லை, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் இல்லை. இதை என்னிடம் நேரில் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. எப்படி வரும்? எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நடந்ததற்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஃபோன் போட்டால் "சொல்லும்மா" என்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா" என்கிறாய். நடுவில் ஒன்றும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் எழுதும் கடிதம் இது. பிரஸ்ஸில் காலமெல்லாம் ப்ரூஃப் பார்த்த உங்கப்பா எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். மற்ற பிழைகள் எல்லாம் என்னுடையவை.

இதைத் தபாலில் போடாமல், நீ எழுதுகிற சிறுவர் பத்திரிகைக்கே அனுப்பி, பெற்றோர் படிக்கிற பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று உனக்குக் கோபம் வரலாம். தனியாகச் சொன்னால் நீ "விடும்மா" என்று சொல்லிவிடுவாய், நான் மலிவாகத் தப்பித்துவிடுவேன். தவிர, நான் செய்தது உன் ஒருவனுக்குச் செய்தது இல்லை. ஜூன் மாதம் பிள்ளைக்கு நோட்டு வாங்க வந்து நின்ற தாய் தகப்பன்மாருக்கும் சேர்த்துச் செய்தது. அவர்களும் படிக்கட்டும்.

நம் தொழில் உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. விருதுநகரில் நமக்கு நோட்டு மொத்த வியாபாரம். சிவகாசி பிரஸ்களில் காகிதம் வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளை எடைக்கு வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து தைத்து, ரஃப் நோட்டு என்று பள்ளிக்கூட வாசல்களில் பையில் வைத்து விற்று ஆரம்பித்தது. நீ அப்போது இடுப்புப் பிள்ளை. பிறகு கடை வந்தது, குடோன் வந்தது, லோடு ஆட்டோ வந்தது. யாரும் என்னைக் கை தூக்கி விடவில்லை, நானும் யாரையும் ஏமாற்றவில்லை என்றுதான் சமீப காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற சீசனில் கோடு போட்ட நோட்டுக்குக் கடைக்காரர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள். டிராயிங் நோட்டை ஒருவரும் சீண்ட மாட்டார்கள். அப்போது நான் சொல்வேன், கோடு போட்டது வேண்டும் என்றால் டிராயிங்கிலும் ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று. முனகிக்கொண்டே எடுப்பார்கள். அதை அவர்கள் பிள்ளைகளின் தலையில் இறக்குவார்கள். ஓடாத சரக்கை ஓடுகிற சரக்கோடு சேர்த்துத் தள்ளிவிடுவதற்கு எங்கள் பேச்சில் 'கட்டி விக்கிறது' என்று பெயர். தீபாவளிக்கு வாங்குகிற பட்டாசு கிஃப்ட் பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால், யாரும் பெயர் சொல்லிக் கேட்காத வெடி ஒன்றிரண்டு அடியில் கிடக்கும். அதுவும் இந்தக் கணக்குத்தான். இதைத் தப்பு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. வியாபாரத்தில் இது குடிக்கிற தண்ணீர் மாதிரி.

உனக்கு மட்டும் அது சின்ன வயதிலேயே தொண்டையில் இறங்கவில்லை. நீ மூன்றாவது படிக்கும்போது கடையில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். அருப்புக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் டிராயிங் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குக்கா எனக்கு?" என்றார். "அண்ணே, இந்த வருசம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் டிராயிங் கட்டாயமாம்ல" என்று நான் அளந்தேன். உடனே நீ, "இல்ல மாமா, அது போன வருசத்து நோட்டு. ஓடல. அதான் அம்மா சேத்துக் குடுக்குது" என்றாய். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏக்கா, இவனக் கல்லாவுல உக்கார வைங்க, கடை வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டு டிராயிங் கட்டை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் உன்னை அறைந்தேன். "நெசத்தத்தானம்மா சொன்னேன்" என்று அழுதாய். "நெசத்தச் சொல்லவா கடை போட்டு உக்காந்திருக்கோம்?" என்று இன்னொன்று வைத்தேன். இதைச் சொந்தபந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

நீ வரலாறு படித்து வாத்தியார் ஆனாய். சந்தோஷப்பட்டேன். பிறகு, பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துக் கதை எழுதுகிறேன் என்றாய். அதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை, புரியவில்லை. முதல் புத்தகம் வந்து, விற்காத பிரதிகள் பெட்டி பெட்டியாக நம் மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தபோதுதான் வருத்தம் வந்தது. சரக்கு தேங்கி நிற்பதை என்னால் பார்க்க முடியாது, அது என் சுபாவம். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்னக்கா, படிக்குக் கீழ புதுச் சரக்கா?" என்று கேட்பார்கள். "ஆமா, ஒரு பார்ட்டிக்கு வச்சிருக்கேன்" என்பேன். என் மகன் எழுதியது என்று வாயில் வராது. உன்னைப் பற்றிக் கேட்டால், "வாத்தியாரா இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உங்கப்பா மட்டும் சாயங்காலம் அந்தப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து வாசித்துவிட்டு, "நல்லா எழுதிருக்கான், நீயும் படியேன்" என்றார். "உங்களுக்கு எதுதான் நல்லா இல்ல, சோத்துல உப்பு இல்லாட்டியும் நல்லாருக்கும்பீக" என்று அவர் வாயை அடைத்தேன்.

இரண்டாவது புத்தகம் வந்தது. அண்ணனும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள், பருத்தியும் கருப்பட்டியும் ஏற்றிய பொதிமாடுகளோடு நம் பக்கத்திலிருந்து கடற்கரைத் துறைமுகத்துக்கு நடந்து போகிற கதை. இந்த விவரம்கூட எனக்கு இப்போது தெரியும், அப்போது தெரியாது. அட்டையில் மாடு இருந்தது, அவ்வளவுதான் தெரியும். இதுவும் படிக்குக் கீழே வரப்போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உன் பதிப்பாளருக்கு வேறொரு கடையின் பெயரில் ஆர்டர் போட்டேன். ஆறாவது, ஏழாவது, எட்டாவது வகுப்புகளுக்குப் போகிற நோட்டு செட்டுகளில் ஒவ்வொன்றிலும் உன் புத்தகத்தை வைத்துக் கட்டினேன். செட்டாகத்தான் வரும், பிரித்துத் தர மாட்டேன் என்று கடைக்காரர்களிடம் கறாராகச் சொன்னேன். அவர்கள் அதையே பள்ளிக்கூடங்களில் சொன்னார்கள்.

அந்த ஆடி மாதம் நீ சாத்தூரிலிருந்து ஒரு பை காராச்சேவோடு வந்தாய். வாசலிலேயே செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, "அம்மா, ரெண்டாம் பதிப்புப் போடுறாகம்மா! பிள்ளைக வாங்குறாகம்மா! யாரு எவருன்னே தெரியாது, நம்ம பக்கத்துப் பிள்ளைகதான்!" என்றாய். உங்கப்பா, "நல்ல புத்தகம், ஓடத்தான செய்யும்" என்றார். நான் உங்கள் இரண்டு பேரையும் பார்த்து, விவரம் இல்லாத ஆட்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே சேவைத் தின்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருஷம் நீ வாத்தியார் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றபோதாவது சொல்லியிருக்க வேண்டும். "சம்பளத்துக்கு என்னலே பண்ணுவ?" என்று மட்டும்தான் கேட்டேன். "அதான் புத்தகம் ஓடுதேம்மா" என்றாய். நான் கடைக்குப் போய், அந்த சீசனுக்கு ஆர்டரைக் கூட்டிப் போட்டேன்.

பாசத்தால் செய்தேன் என்று சொன்னால் முழுப் பொய் ஆகாது. ஆனால் முழு உண்மையும் ஆகாது. என் மகனுடைய சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று பஜாரில் நாலு பேர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவும்தான் செய்தேன். எது பெரிய காரணம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வேலையை விட்ட பிறகு நீ ஊர் ஊராகப் போனாய். பைக்கில் பின்னால் ஒரு மாட்டு மணி, ஒரு பொதிக்கயிறு, தானியம் அளக்கிற ஒரு பழைய மரக்கால், இவற்றையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் போவாய். "ஒரு நாள் வந்து பாரேம்மா" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாய். "சீசன்ல எங்கலே வர" என்பேன். சீசன் முடிந்த பிறகு வேறு சாக்கு இருக்கும். எம். புதுப்பட்டிக்கும் உன்னைப் பார்க்க என்று நான் வரவில்லை. அந்த ஊர்க் கடைக்காரருக்காகப் பள்ளிக்கூடத்தில் பாக்கி நோட்டு இறக்க நம் லோடு ஆட்டோ போனது. டிரைவர் காளி, "தம்பி அங்கனதான் பேசுதாம்க்கா" என்றான். சரி, எட்டிப் பார்ப்போம் என்று ஏறி வந்தேன். கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்ததே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

பிள்ளைகள் எல்லாருடைய மடியிலும் உன் புத்தகம். பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர் எழுதி வைத்திருந்தார்கள். "படிச்சவங்க கை தூக்குங்க" என்றாய். ஒரு கையும் எழவில்லை. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து, மணியை ஆட்டி ஏதோ சிரிக்க வைத்தாய். அப்போது ஏழாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை எழுந்தது.

"சார், இந்தப் புஸ்தகத்தத் திருப்பிக் குடுத்தா காசு குடுப்பீகளா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர், "ஏ மாரீஸ்வரி, உக்காரு!" என்று அதட்டினார். நீ அவரைக் கையமர்த்திவிட்டு அந்தப் பிள்ளையிடம் போனாய்.

"ஏம்மா, புடிக்கலையா?"

"படிக்கல சார். நாங்க நோட்டுதான் கேட்டோம். இதையும் வாங்குனாத்தான் நோட்டுன்னுட்டாக. எங்கம்மாவுக்கு அப்ப வெடி கம்பெனில வேல இல்ல, பூட்டிக் கெடந்துச்சு. கைமாத்து வாங்கித்தான் வாங்குச்சு. திட்டிக்கிட்டேதான் அட்டை போட்டுக் குடுத்துச்சு."

"யாரத் திட்டுச்சு?" என்றான் பின்னாலிருந்து ஒரு பயல்.

"சாரத்தான்" என்றது அது. மறுபடியும் சிரிப்பு.

நீ எஸ்தர் டீச்சரைப் பார்த்தாய். அவர் என்னைப் பார்த்தார். "செட்டாத்தான் தருவேன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு சார். மேல இருந்தே அப்படித்தான் வருதுன்னாரு. அம்மா கடைச் சரக்குதான சார் அது? உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, தம்பி. அதுதான் கொடுமை. புத்தகத்தைத் தலையில் கட்டியவனே வந்து கதையும் சொல்கிறான், வியாபாரம்தானே, இருக்கட்டும் என்று அவர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டு உனக்கு டீயும் வாங்கிக் கொடுத்திருந்தார். நீ போன பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் உன்னை அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உனக்கு மட்டும்தான் தெரியாது.

நீ கத்தவில்லை. திருப்பித் தர விரும்புகிறவர்கள் தரலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னாய். முதலில் தயங்கினார்கள், பிறகு வரிசை கட்டினார்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் நீ இரண்டு கையாலும் வாங்கினாய். உன் பர்ஸ் தீர்ந்தது. எஸ்தர் டீச்சரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாய். என் மடியில் அன்றைய வசூல் பை இருந்தது. எழுந்து வந்து உன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றியது, எழவில்லை. என் மகன் எழுதிய புத்தகத்தைப் பிள்ளைகள் வரிசையில் நின்று அவன் கையிலேயே திருப்பிக் கொடுப்பதை, பணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு நீ கதை சொல்லவில்லை.

பைக்கைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு லோடு ஆட்டோவில் ஏறினாய். முன்னால் உட்காராமல் பின்னால் புத்தகங்களோடு உட்கார்ந்தாய். திருத்தங்கல் ரயில்வே கேட்டு பூட்டியிருந்தது. காளி இன்ஜினை அணைத்தான். அந்த அமைதியில்தான் நீ பேசினாய்.

"ஏம்மா, ஓடாத சரக்கத்தான கட்டி விப்ப?"

"ஏலே, எல்லாம் உனக்காகத்தான..."

"நான் அதக் கேக்கல. ஓடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? படிச்சியா?"

"அட்டை பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

காளிக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டான்.

"ஒரு ரீம் காகிதம் வாங்கணும்னா வெளிச்சத்துல புடிச்சுப் பாப்ப. மை ஊறுதான்னு எழுதிப் பாப்ப. மூலையக் கிழிச்சுப் பாப்ப. எம் புத்தகத்துல ஒரு பக்கத்தப் புரட்டலயேம்மா நீ."

ரயில் போனது. கேட்டைத் திறந்தார்கள். நீ கேட்டது சரிதான். நல்ல சரக்கை யாரும் கட்டி விற்பதில்லை. பெற்ற பிள்ளையின் உழைப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், இது தனியாக நின்றால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று விலை வைத்தவள் நான். விற்றதைவிட, அப்படி விலை வைத்ததுதான் பெரிய தப்பு. மாரீஸ்வரியின் தாய் உன்னைத் திட்டியது உன் எழுத்துக்காக இல்லை, என் புத்திக்காக.

பிறகுதான் படித்தேன். கடையில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கு நடுவில், எழுத்துக் கூட்டிப் படித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், முதல் இருபது பக்கம் இழுவை. பொதிமாட்டை அலங்காரம் பண்ணுவதையே எழுதிக்கொண்டிருக்கிறாய். மாடு எப்போதடா கிளம்பும் என்று இருந்தது. அடுத்ததில் மாட்டைச் சீக்கிரம் கிளப்பு. ஆனால் வைப்பாற்றில் வெள்ளம் வந்து, தங்கைக்காரி பேச்சி அக்கரையில் மாட்டிக்கொள்கிற இடம் இருக்கிறதே, அங்கே எனக்கு எதிரில் நின்றுகொண்டு காளி, "அக்கா, ராஜபாளையம் லோடு ஏத்தவா?" என்று கேட்டான்.

"இருலே, அந்தப் பிள்ள ஆத்தத் தாண்டட்டும்" என்றேன்.

"எந்தப் பிள்ளக்கா?" என்று அவன் ரோட்டை எட்டிப் பார்த்தான்.

அன்றைக்கு லோடு தாமதமாகப் போனது, ராஜபாளையத்துக்காரர் ஃபோனில் சத்தம் போட்டார். என் ஆயுசில் ஒரு புத்தகத்துக்காக லோடு நின்றது அன்றைக்குத்தான். இதை உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கட்டாமல் கொடுத்திருந்தால் வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வாய்ப்பை நான் கெடுத்தேன்.

கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஆள் விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கிற பெற்றோருக்கும் சொல்கிறேன்: செட்டில் வந்த புத்தகத்தை எந்தக் கடையில் வாங்கினீர்களோ அங்கேயே கொடுங்கள், பணம் வரும், காரணம் கேட்க மாட்டார்கள். அட்டையில் பெயர் எழுதியிருந்தாலும், மாட்டுக்கு மீசை வரைந்திருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். குடோனுக்குத் திரும்பி வருகிற புத்தகங்களை நானே கையில் எடுத்துப் பார்க்கிறேன். காகிதத்திலேயே வாழ்ந்தவள், ஒரு நோட்டைத் தொட்டால் பிரித்ததா பிரிக்காததா என்று கைக்குத் தெரியும். வந்ததில் முக்கால்வாசிக்கு முதுகு விரியவே இல்லை. பிள்ளைகள் உன் கதையை வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. கதை இருக்கிற இடம் வரைக்கும் அவர்கள் வரவே இல்லை. அபராதம் மாதிரி வீட்டுக்குள் வந்த பொருளை யார் ஆசையாகப் பிரிப்பார்கள்? திரும்பி வராமல் நின்றுபோன புத்தகங்களும் உண்டு. அவை படிக்கப்பட்டனவா, கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போயினவா, எனக்குத் தெரியாது. முன்பு போல ஒரு நல்ல பொய்யை உனக்குச் செய்து தர எனக்கு இப்போது தைரியம் இல்லை.

அம்மா என்கிற முறையில் ஒன்று மட்டும் சொல்லலாமா? நாளைக்கு எந்த வேலையில் இருந்தாலும், உன் சரக்கு நன்றாகப் போகிறது என்று யாராவது சொன்னால் யார் வாங்குகிறார்கள் என்று கேள். சொல்வது பெற்ற தாயாக இருந்தாலும் கேள். நீ கேட்கவில்லை என்று உன்மேல் குறை சொல்லவில்லை. நம்பினாய். நம்பும்படி, உண்மையைச் சொல்லாமல் நீ கொண்டுவந்த சேவைத் தின்றவள் நான்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன்; அடிப்பதானால் இதற்கும் சேர்த்து அடி. சாத்தூர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை நீ பேசுவதாக இருந்ததை ரத்து செய்துவிட்டாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். அந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் நான் செட்டுப் போட்டிருந்தேன். நூலகர் அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். போனால், பாயில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்லி அனுப்பியும் சில பேருக்குச் செய்தி போகவில்லையாம். நூலகர் அம்மா, "வந்தது வந்தீங்க, நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். எனக்குப் பேசத் தெரிந்தது ஒன்றுதான். நோட்டோடு அந்தப் புத்தகத்தைக் கட்டி விற்றது நான், எழுதினவர் என் பிள்ளை, அவருக்கு இது தெரியாது, அவர் மேல் தப்பு இல்லை என்று சொன்னேன். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் இருந்த ஒரு பொடியன், "அது சரி பாட்டி, கதை எப்ப?" என்றான்.

பையில் புத்தகம் இருந்தது. எடுத்து, இருபது பக்கத்தைத் தள்ளிவிட்டு, ஆற்றங்கரையிலிருந்து படித்தேன். என் வாசிப்பு உனக்குத் தெரியும், மாட்டுவண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி. "சங்கம் வசூலிக்கிற சாவடி" என்று படித்தேன். "பாட்டி, அது சுங்கம்" என்று திருத்தினார்கள். "வைப்பாத்துல எங்கன தண்ணி இருக்கு, கருவேல முள்ளுதான் இருக்கு" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "அந்தக் காலத்துல ஓடுச்சுடி, சும்மா கேளு" என்று இன்னொருத்தி அடக்கினாள். நாலைந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் பேர் இருந்தார்கள். ஒருவரையும் நான் இருக்கச் சொல்லவில்லை, நூலகர் அம்மாவும் சொல்லவில்லை, கதவு திறந்துதான் கிடந்தது. பேச்சி மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற இடம் வந்தது. நிறுத்தினேன். பிறகு என்ன ஆச்சு என்று கத்தினார்கள். எனக்குத் தெரியும், கடைசிப் பக்கம் வரைக்கும் படித்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல நான் யார் என்று தோன்றியது. எழுதினவர்தான் வந்து சொல்ல வேண்டும் என்றேன்.

"அவுக வருவாகளா?"

"தெரியல. எம்மேல கோவத்துல இருக்காக."

"நீங்க கூப்பிட்டா வர மாட்டாகளா? உங்க பிள்ளதான?"

"அப்படிக் கூப்பிட எனக்கு இனி வாய் இல்ல" என்றேன். அந்தப் பொடியனுக்கு அது விளங்கவில்லை. "அப்ப கேட்டாவது பாருங்க" என்றான்.

சென்னைக்குப் போவது உன் இஷ்டம். போனாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இந்த இதழ் வந்ததும் அடுத்து வருகிற ஞாயிறு பத்து மணிக்கு, சாத்தூர் நூலகத்தில் அந்தப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள், எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்கிறேன்.

அம்மா